ஸ்பிரிங் அண்ணன் சைவமா?

திங்கள்

தவறு என்னுடையது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. நான்காவது பக்கத்துக்குத் தள்ளிப்போட்டால், அதற்குள் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வரிசையாக எழுதுகிறேன். எங்கள் மெத்தைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் மூன்று நீள மேசைகள். ஜன்னலோரம் இருப்பது சைவ மேசை. அதில் நாங்கள் பத்துப் பேர். தினமும் ஒருவருக்கு முறை வரும். அன்றைக்கு அவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காய்கறியோ பருப்போ சமைத்துக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் வெறும் சோற்றோடு வந்தால் போதும். பத்து நாளில் ஒன்பது நாள் காலையில் அடுப்படி வேலை பாதியாகிவிடும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர் தையல் அக்கா. மெத்தையின் ஓரத்தைத் தைக்கும் இயந்திரத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். ஊசி முறியும் சத்தத்தை முறிவதற்கு முன்பே கேட்டுவிடுவார் என்று சொல்வார்கள்.

நான் லேபிள் பிரிவு. மெத்தையின் மூலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் சின்னத் துணி ஒன்று தொங்குமே, அதை அச்சடிப்பதும் ஒட்டுவதும் என் வேலை. எதையும் கோடு போட்டு எழுதுகிறவள் என்பதால் சைவ மேசையின் முறைப் பட்டியலும் என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு ‘ரெஜிஸ்டர்’ என்று பெயரும் வந்தது.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் போன மாதம் படிவம் தயாரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பழகிக்கொள்ளலாமே என்று மேசையில் சேருவதற்கு ஒரு படிவம் தயாரித்தேன். யாரும் கேட்கவில்லை. அது பயன்படும் என்று நானும் நினைக்கவில்லை. போன வாரம் ஸ்பிரிங் அண்ணன் வந்து, “பாப்பா, உங்க மேசையில எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?” என்று கேட்டார். படிவத்தை எடுத்து நீட்டியபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்பிரிங் அண்ணன் மெத்தைக்குள் ஸ்பிரிங் கோக்கும் பிரிவில் இருக்கிறார். அங்கே நாள் முழுக்கத் தடதடவென்று சத்தம். காதில் அடைப்பானோடுதான் வேலை. பேச வழியில்லை. வீட்டிலும் தனி ஆள், ஓர் அறை. மத்தியானம் அரை மணி நேரம்தான் அவருக்கு வாய் திறக்கும் நேரம். முன்பு நடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதம் முன்பு கறியை விட்டார். அன்றிலிருந்து நடு மேசைக்காரர்கள் அவரை ‘சாமியாரே’ என்றார்கள். தண்ணீர் கேட்டால் தீர்த்தமா என்றார்கள். ஒருநாள் அவர் டப்பா மூடியில் கோழி எலும்பை மாலை மாதிரி அடுக்கிவைத்திருந்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் என்னிடம் வந்தார்.

படிவத்தில் நான்காவது கேள்வி: ‘கீழ்க்கண்டவற்றில் எவற்றைச் சாப்பிடுவீர்கள்?’ ஆடு, கோழி, முட்டை என்று மூன்று கட்டம். மூன்றிலும் அழகாக ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். நான் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர் எங்களோடு சாப்பிட்டார். சாப்பிட்டதைவிடப் பேசியது அதிகம். தையல் அக்காவே இரண்டு முறை சிரித்து நான் பார்த்தேன்.

இன்று டிரைவர் மாமா ஆரம்பித்தார். டெலிவரி வண்டி ஓட்டுகிறவர், யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா.

“என்னப்பா ஸ்பிரிங்கு, மூஞ்சி பளபளன்னு இருக்கு? நேத்து லீவுல என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா. நல்ல மீன் கிடைச்சுது. ரெண்டு கிலோ. ஒத்த ஆளா உக்காந்து முடிச்சேன்.”

மேசையில் அத்தனை கைகளும் நின்றன. தையல் அக்கா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“மீனா?”

“ஆமாக்கா.”

“சைவம்னுதானே சேந்தீங்க?”

“நான் அப்படிச் சொல்லலியேக்கா. பாப்பா ஒரு பேப்பர் குடுத்துச்சு. கேட்டதுக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று கட்டம். மீன் இல்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தும் இல்லை. எங்கள் வீட்டில் மீன் என்றால் தம்பியின் கண்ணாடித் தொட்டியில் இருப்பவை. நான்கு இருக்கின்றன, நான்குக்கும் பெயர் உண்டு. சாப்பிடுகிற பொருளாக மீன் என் நினைவுக்கே வரவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னபோது டிரைவர் மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

“விடுங்கக்கா,” என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மீனு தண்ணியிலதானே வளருது. தாமரையும் தண்ணியிலதான் வளருது.”

“தாமரைக்குச் செதில் இருக்கா மாமா?” என்றார் செக்கிங் சார். தயாரான மெத்தைகளைச் சோதிப்பவர் அவர். சோறு சாப்பிடும்போதும் சோதிப்பவர் மாதிரியே சாப்பிடுவார். “முழுப் பஞ்சுன்னு லேபிள் போட்ட மெத்தையில ஒரு கைப்பிடி ஃபோம் இருந்தாலே நான் திருப்பி அனுப்பறேன். இங்க கைப்பிடி இல்ல, ரெண்டு கிலோ.”

தையல் அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு யோசிக்கணும்,” என்றார். “புதன்கிழமை அவர் முறை வருதில்ல? அன்னிக்குப் பேசிக்கலாம்.”

யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஸ்பிரிங் அண்ணனே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடு மேசையிலிருந்து வெல்டர், “வாங்க சாமியாரே, அங்கயும் துரத்திட்டாங்களா?” என்று குரல் கொடுத்தார். அண்ணன் அங்கேயும் போகவில்லை. வண்டியில் சரக்கு ஏற்றும் வாசலின் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்

காலை பஸ்ஸில் நோட்டின் நடுவே கோடு போட்டு, அண்ணனுக்கு ஆதரவாக ஒரு பக்கமும் எதிராக ஒரு பக்கமும் எழுதிப் பார்த்தேன். மீனுக்கு உயிர் உண்டு. கண் உண்டு. ரத்தம் உண்டு. தம்பியின் தொட்டி மீன் என் விரலைப் பார்த்தால் மேலே வருகிறது, ஆக ஞாபகமும் உண்டு. ஆதரவுப் பக்கத்தில் ‘நல்லவர்’ என்று எழுதினேன். பிறகு, அது மீனைப் பற்றியதல்ல என்பதால் அடித்துவிட்டேன். இறங்கும் இடம் வரும்வரை யோசித்தும் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது. மீன் சாப்பிடுகிறவர் சைவம் இல்லை. எப்படிக் கூட்டினாலும் இதுதான் விடை. எனக்கு வேறு விடை வேண்டும் என்று ஆசை இருந்ததையும் எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். அண்ணன் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

“என்னால வந்ததுண்ணே,” என்றேன். “நாலாவது கட்டம் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது.”

“போட்டிருந்தா நான் ‘ஆமா’ன்னு எழுதியிருப்பேன். நீ அப்பவே வேணாம்னிருப்ப. மூணு நாளு கிடைச்சுதே, அதுக்கு உனக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“கறியை ஏன்ணே விட்டீங்க?”

“காரணம் கேக்காத பாப்பா, எனக்கே தெரியாது. ஒருநாள் தட்டுல பாத்தேன். வேணாம்னு தோணிச்சு. மறுநாளும் தோணிச்சு.”

“மீன்?”

“மீனைப் பாத்தா இன்னும் அப்படித் தோணல. தோணாததை எப்படி விடறது? உங்க மேசைக்காக விட்டேன்னு வெச்சுக்க, அது நடிப்பாயிடும். ஒரு மாசம் தாங்கும். அப்புறம் ராத்திரி கனவுல மீன் வந்து கூப்பிடும்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டோம். அண்ணன் பேசாமல் சாப்பிட்டு நான் அப்போதுதான் பார்த்தேன். அவரிடம் அது நன்றாக இல்லை.

“நாளைக்கு உங்க முறை வேற,” என்றேன். “வேற யாரையாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“பட்டியல்ல பேர் யாருது?”

“உங்களுது.”

“அப்ப நான்தான் கொண்டுவருவேன். எனக்கு இடம் இல்லன்னாலும் பரவாயில்ல, பத்துப் பேரு வெறும் சோறு திங்க முடியுமா?”

மாலை வகுப்பில் ஆசிரியையிடம் படிவத்தைக் காட்டினேன். முழுதாகப் படித்தார். கட்டங்கள் நேராக இருக்கின்றன என்று பாராட்டினார். பிறகு, “இதுல கேக்கற கேள்வியெல்லாம் எதுக்காக?” என்று கேட்டார். சைவ மேசையில் சேர்வதற்கு என்றேன். “அது தெரியுதும்மா. பதிலைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?” என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் பதில் தெரியவில்லை.

புதன்

சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். பன்னிரண்டு முப்பதுக்கு மணி அடித்தது. அண்ணன் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையின் நடுவில் வைத்தார். கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும். மூடியைத் திறந்ததும் வாசனை நடு மேசைவரை போனது எனக்கே தெரிந்தது, அங்கே பேச்சு நின்றது. வைத்துவிட்டு அண்ணன் உட்காரவில்லை. சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் கரண்டியைத் தொடவில்லை. பத்துத் தட்டில் சோறு, நடுவில் ஆவி பறக்கும் பாத்திரம்.

“சீக்கிரம் பேசி முடிங்கப்பா,” என்றார் டிரைவர் மாமா. “ஒண்ணரைக்கு எனக்கு நாலு மெத்தை இறக்கணும். வெறும் வயித்துல தூக்குனா நான்தான் மெத்தை மேல விழணும்.”

“லேபிள்னு ஒண்ணு இருக்குல்ல மாமா,” என்றார் செக்கிங் சார். “சைவ மேசைன்னு பேரை வெச்சுக்கிட்டு…”

“யோவ், உன் வீட்டுல போன மாசம் பொறந்தநாள் கேக்கு வெட்டினியே, அதுல முட்டை இல்லியா?”

“அது கேக்கு மாமா.”

“மீனும் அப்படித்தான்யா, அது மீனு!”

பக்கத்து மேசையில் சிரிப்பு. செக்கிங் சார் காது சிவந்துவிட்டது. பன்னிரண்டு முப்பத்தேழு. நேரத்தைக் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம்.

தையல் அக்கா கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினோம்.

“நான் ஒளிச்சுப் பேசல,” என்றார் சுவர்ப் பக்கம் பார்த்து. “நீங்க வீட்டுல என்ன சாப்பிடறீங்கங்கறது உங்க பாடு. ரெண்டு கிலோ என்ன, நாலு கிலோ சாப்பிடுங்க. ஆனா நேத்து மீன் கொதிச்ச பாத்திரத்துல இன்னிக்குக் காய் கொதிச்சா எனக்கு இறங்காது. உங்க மேல தப்பு இல்ல. என் தொண்டை அப்படி. பதினெட்டு வருஷமா இந்த மேசையில நான் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறேன். இனிமே ஒவ்வொரு தடவையும் மோந்து பாத்துட்டுச் சாப்பிடணுமா?”

அண்ணன் சுவரோரத்திலிருந்து வந்து பாத்திரத்தின் காதுகளைப் பிடித்தார். எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று புரிந்தது.

அவர் தூக்கியபோது பாத்திரத்தின் அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேரே வந்தது. அங்கே, தீ நேராகப் படாத விளிம்பில், ஒரு கடை லேபிள்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம், அது லேபிள். அந்த மாதிரி பசை அடுப்பில் ஏறினால் முதல் தடவை மஞ்சளாகும். இரண்டாவது தடவை பழுப்பு. ஒரு வாரம் போனால் கருகி உதிர்ந்துவிடும். இது மஞ்சள். ஓரம்கூடச் சுருளவில்லை.

“அண்ணே, அப்படியே நில்லுங்க!” என்று கத்தினேன். நான் கத்தியதே இல்லை. நடு மேசையில் வெல்டர் எழுந்து நின்றுவிட்டார். “அக்கா, கீழ குனிஞ்சு பாருங்க. இது ஒரே ஒரு தடவைதான் அடுப்புல ஏறியிருக்கு. பசை சொல்லுது. இது புதுப் பாத்திரம்.”

தையல் அக்கா குனிந்தார். செக்கிங் சார் குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு நகத்தால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டினார். “ஆமா,” என்றார் வேலை செய்கிற குரலில். “ஒரு ஏத்தம்தான்.”

அண்ணன் பாவம், பாரத்தைத் தூக்கிக்கொண்டே நின்றார். “இறக்கி வெக்கலாமா? கை போகுது.”

“ஏன் சொல்லல?” என்றார் அக்கா.

“என்னக்கா சொல்றது? புதுப் பாத்திரம் வாங்கியிருக்கேன், எனக்கு இடம் குடுங்கன்னா? லஞ்சம் மாதிரி இருக்காது? நீங்க சாப்பிடற சோறு, உங்களுக்கு இறங்கணும். அதான் வாங்கினேன்.”

அக்கா அவரை நேராகப் பார்த்தார். “கரண்டி?”

அண்ணன் பையிலிருந்து கரண்டியை எடுத்தார். கைப்பிடியில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“எண்ணெய்?”

“நேத்து சாயங்காலம் உடைச்ச பாட்டில்.”

“கத்தி?”

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“கத்தி பழசுதான்க்கா. ஆனா அது மீனைப் பாத்ததே இல்ல. எனக்கு மீன் வெட்டவே வராது, கடையிலயே வெட்டிக் குடுத்துடுவாங்க.”

முதலில் சிரித்தவர் தையல் அக்கா. அதற்கப்புறம் யார் சிரித்தார், யார் மேசையைத் தட்டினார் என்று என்னால் குறிக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் செக்கிங் சார் விடவில்லை. “பாத்திரம் சரி. ஆனா ஆளு?”

அப்போதுதான் ஆசிரியை கேட்டதற்குப் பதில் கிடைத்தது. எழுந்து நின்றேன்.

“ஆளு சைவம் இல்ல சார். நான் நேத்து எழுதிப் பாத்துட்டேன், எப்படிப் பாத்தாலும் இல்ல. ஆனா நான் படிவத்துல ஆளைப் பத்திக் கேட்டதுதான் தப்பு. நாம சாப்பிடப் போறது பாத்திரத்துல இருக்கிறதைத்தானே? அதைத்தான் கேட்டிருக்கணும். நீங்க லேபிள்னு சொன்னீங்க. மெத்தைக்குத்தான் சார் நான் லேபிள் ஒட்டறேன். அதுல படுக்கிறவங்களுக்கு ஒட்டறதில்ல.”

செக்கிங் சார் என்னைப் பார்த்தார், கத்தரிக்காயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பத்தாறு.

“பாஸ்,” என்றார்.

“நானும் ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் ஸ்பிரிங் அண்ணன். “என்னை சைவம்னு எழுதாதீங்க. அரை சைவம், மீன் சைவம்னு பேரும் வெக்காதீங்க. நான் மீன் சாப்பிடறவன். இங்க வந்தா காய் சாப்பிடறவன். அவ்வளவுதான். யாராச்சும் கேட்டா ஒரே பதிலா சொல்லணும்ல?”

“அப்படியே எழுது,” என்று அக்கா என்னிடம் சொன்னார். எழுதினேன். பிறகு அவர் அட்டையைக் கரண்டியிலிருந்து பிய்த்துவிட்டு, முதல் கரண்டியைத் தன் தட்டில் தானே போட்டுக்கொண்டார். பிசைந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். பத்துப் பேரும், நடு மேசை மொத்தமும், அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்பு கம்மி,” என்றார்.

“போடறேன்க்கா! அடுத்த தடவை போடறேன்!” என்றார் அண்ணன்.

உட்காரத்தான் நாற்காலி இல்லை. திங்கட்கிழமை அவர் எழுந்து போனதும் அதை யாரோ பக்கத்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். டிரைவர் மாமா ஓடிப்போய்க் கழிவு ஃபோம் துண்டுகள் நான்கைத் தூக்கிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அண்ணன் உட்கார்ந்தார். ஃபோம் மெதுவாக அமுங்கி அமுங்கி, கடைசியில் அவர் தாடை மேசை விளிம்போடு நின்றது. “நல்லா இருக்கு, தட்டு வாய்கிட்டயே வந்துடுச்சு,” என்றார்.

வெல்டர் தட்டோடு வந்து நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

“ஒரு கரண்டி… வாசனை அங்க வரைக்கும் வருதுப்பா.”

“சாமியார் கைப் பிரசாதம் வேணுமா?” என்றார் அண்ணன்.

“வேணும் சாமி.”

“மூணு மாசப் பாக்கிக்கு மன்னிப்பு கேளு, ரெண்டு கரண்டி போடறேன்.”

வெல்டர் கேட்டார். எலும்பு மாலைக்குத் தனியாகவும் கேட்டார். மூன்று கரண்டி கிடைத்தது.

மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் எல்லோரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டோம். அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை, பேசினார். இரண்டு நாள் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. காலையில் ஒரு ஸ்பிரிங் இயந்திரத்திலிருந்து தப்பித்துத் துள்ளிக் குதித்து சூப்பர்வைசரின் டீயை நோக்கிப் போன கதை. கையை ஸ்பிரிங் மாதிரி வைத்துக் காட்டினார், ஃபோமும் அவரோடு குதித்தது. டீக்கு அரை அடி தூரத்தில் ஸ்பிரிங் காற்றில் இருக்கும்போது, சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

“அய்யய்யோ, டீ என்னாச்சு?” என்றார் தையல் அக்கா, கை கழுவ எழுந்தபடியே.

“அதுதான்க்கா விஷயமே…”

“இப்ப வேணாம், ஓடுங்க, லேட்டாச்சு. நாளைக்கு உக்காந்ததும் அதைத்தான் முதல்ல சொல்லணும்.”

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார், ஃபோம் விடவில்லை. நானும் மாமாவும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிட்டோம்.